விண்முகில்களைப் படம் பிடித்தல்

காரைக்கால் நகரை அடுத்து, வங்கக் கடலின் ஓரத்தில் அமைந்துள்ள ஊர் காரைக்கால்மேடு. மீன்பிடித்தலே அவ்வூர் மக்களின் முதன்மையான தொழில். ஊருக்குக் கிழக்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆதலால், நிலவில்லாத இரவில் அக்கரையில் நின்று கீழ்வானை நோக்குவோர்க்கு விண்மீன்கள் கடலிலிருந்து எழுந்து மேலேறுவதுபோன்ற காட்சி புலப்படும். தை, மாசி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். அக்காலத்து முன்னிரவில் கார்த்திகையும், உரோகிணியும், திருவாதிரையும் வானத்தில் உயர்ந்து விளங்கும். திருவாதிரைக்கு அருகே ஒரே கோட்டில் நெருங்கி நிற்கும் மூன்று விண்மீன்களைச் சிறுவரும் அறிவர். மேலைநாட்டார் அவற்றை ஓரியன் என்னும் வேட்டுவனுடைய இடைக்கச்சை என்பர்.

அக்கச்சைக்குச் சற்றுத் தெற்கே கூர்ந்து நோக்கினால், ஓரிடத்தில் ஒளி கூர்மையாகத் தோன்றாமல், பஞ்சுத் துகள்போல மங்கித் தோன்றும். அது தனி விண்மீன் அன்று. மாபெரும் முகில் ஒன்றின் ஒளியாகும். அதிலிருந்து புறப்படும் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,350 ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய முகில்களை வானநூலார் நெபுலா என்பர். மூடுபனி அல்லது முகில் என்பதே அவ்விலத்தீன் சொல்லின் பொருள். தமிழில் விண்முகில் எனலாம். நம் வானத்து முகில் நீர்த்துளிகளால் ஆனது. விண்முகிலோ ஐதரசன் முதலிய வளிகளாலும் நுண்ணிய தூசியாலும் ஆனது. சில விண்முகில்கள் அருகிலுள்ள வெப்பமிக்க விண்மீன்களால் தூண்டப்பெற்றுத் தாமே ஒளிர்கின்றன. சில பிற விண்மீன்களின் ஒளியைச் சிதறடித்து விளங்குகின்றன. சில தமக்குப் பின்னாலுள்ள ஒளியை மறைத்து இருண்டு நிற்கின்றன. விண்மீன்கள் பிறப்பது இம்முகில்களுக்குள்ளேதான். ஆகவே இவற்றை ஆராய்வது, நம் கதிரவனும் அதனைச் சூழ்ந்த உலகங்களும் தோன்றிய வரலாற்றை ஆராய்வதை ஒக்கும்.

ஆனால், கண்ணுக்குத் தெரியும் விண்முகில்கள் மிகச் சிலவே. மேற்கூறிய ஓரியனைச் சுற்றி வில்போல வளைந்த வேறொரு முகில் உள்ளது. அதனைப் பர்னார்டு வளையம் என்பர். வானத்தில் அதன் அகலம் பத்துப் பாகைக்கும் மேற்பட்டது. முழுமதியின் அகலம் அரைப் பாகையே. எனவே, இருபது முழுமதிகளை வரிசையாக வைத்தாலும் அவ்வளையத்தின் அகலத்திற்கு ஈடாகா. இவ்வளவு பெரிய பொருள் தலைக்கு மேலே இருந்தும், பன்னூறு தலைமுறைகளாக வானை நோக்கிய மக்கள் அதனை அறிந்திலர். ஒளிப்படத்தின் வாயிலாகவே அது உலகிற்குத் தெரியவந்தது. காரணம் யாது? அது சிறிதாக இருத்தல் அன்று, மங்கலாக இருத்தலே. சிறிய பொருளைக் காண அதனைப் பெருக்கிக் காட்டும் கருவி வேண்டும். மங்கிய பொருளைக் காண அதன் ஒளியைச் சேர்த்து வைக்கும் கருவி வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தால், விண்முகிலைப் படம் பிடிக்கும் கலை முழுவதும் விளங்கிவிடும்.

நம் கண் வியத்தகு பொறியே. இருளில் அதன் பாவை ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் அளவு விரிகின்றது. அரைமணி நேரம் இருளில் பழகிய கண், பகலில் காண இயலாத மங்கிய ஒளியையும் காண்கின்றது. ஆயினும் அதற்குச் சேமிக்கும் ஆற்றல் இல்லை. நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் வந்த ஒளியைக் கொண்டே அது காட்சியை அமைத்து, அடுத்த கணத்தில் புதிய காட்சிக்கு இடங்கொடுத்து விடுகின்றது. ஆதலால், ஒரு மணி நேரம் இமையாது நோக்கினும், முதற் சில நொடிகளில் தெரியாதது பின்னரும் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒளிப்படத் தகடு அவ்வாறன்று. அதன்மேல் பூசப்பட்ட வெள்ளி உப்பு, தன்மேல் விழும் ஒளியின் விளைவை அழியாமல் தாங்கிக்கொள்ளும். முதல் மணித்துளியில் வந்த ஒளியும் அறுபதாவது மணித்துளியில் வந்த ஒளியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி இங்கே முற்றும் பொருந்துகின்றது.

இவ்வுண்மையை முதன்முதல் செயலிற் காட்டியவர் அமெரிக்க மருத்துவராகிய என்றி டிரேப்பர். அவர் 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், ஓரியன் பெருமுகிலை 51 மணித்துளிகள் தொடர்ந்து தகட்டில் விழச்செய்து படம் பிடித்தார். விண்முகில் ஒன்றின் முதல் ஒளிப்படம் அதுவே. மூன்றாண்டுகளுக்குப் பின், 1883-இல், ஆங்கிலேயராகிய ஆண்ட்ரூ காமன் அதே முகிலைப் படம் பிடித்தபோது, தொலைநோக்கி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் தகட்டில் பதிந்திருந்தன. அன்றுமுதல் ஒளிப்படத் தகடு கண்ணுக்குத் துணையாக மட்டும் நில்லாது, கண்ணை விஞ்சிய கருவியாகவும் ஆயிற்று. 1888-இல், ஆர்வர்டு வானாய்வு நிலையத்தில் எடுத்த தகடு ஒன்றை ஆராய்ந்த வில்லியமினா பிளெமிங் என்னும் அம்மையார், ஓரியன் கச்சையின் கிழக்குக் கோடியில் குதிரைத் தலை வடிவான கரிய முகிலைக் கண்டறிந்தார். அவ்வம்மையார் முன்பு அந்நிலையத் தலைவரின் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். தகட்டில் பதிந்ததை ஊன்றி நோக்கும் பொறுமையே அவரை உலகறியச் செய்தது.

இனி, மங்கிய முகிலைப் படம் பிடிக்க மிகப் பெரிய தொலைநோக்கியே வேண்டும் என்று பலர் எண்ணக்கூடும். அஃது எப்போதும் உண்மையன்று. ஒரு படி மாவைச் சிறு தட்டில் பரப்பினால் அது தடித்துத் தோன்றும்; அதே மாவைப் பெரிய முற்றத்தில் தூவினால் தரைகூட மறையாது. நீண்ட குவியத் தொலைவுடைய தொலைநோக்கி, முகிலின் உருவத்தைப் பெரிதாக்கித் தகட்டின்மேல் பரப்புகின்றது. ஆதலால் ஒவ்வோரிடத்திலும் விழும் ஒளி மெலிந்துவிடுகின்றது. குவியத் தொலைவு குறைந்த வில்லையோ உருவத்தைச் சிறிதாக்கி, ஒளியைச் செறியச் செய்கின்றது. எனவே, பரந்த முகில் விரைவில் பதிவதற்கு, குவியத் தொலைவு வில்லையின் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே முதன்மையானது. அம்மடங்கு குறையக் குறையப் படம் விரைந்து பதியும். அத்துடன், அத்தகைய வில்லை வானத்தின் பெரும்பரப்பை ஒரே படத்தில் அடக்கிக்காட்டும். பத்துப் பாகை அகன்ற வளையத்தை, அரைப் பாகையே காட்டும் தொலைநோக்கியால் எவ்வாறு அறிய இயலும்? யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையாகவே அது முடியும்.

இவ்வழியைத் தெளிவாகக் கண்டு காட்டியவர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு. அவர் அமெரிக்காவிலுள்ள நாசுவில் நகரில் 1857-இல் பிறந்தார். தந்தை அவர் பிறக்குமுன்னரே இறந்துபோனார். வறுமை காரணமாக, ஒன்பதாம் வயதிலேயே ஓர் ஒளிப்பட நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். படங்களைப் பெரிதாக்கும் கருவி ஒன்று அங்கு இருந்தது. அது கதிரவன் ஒளியால் இயங்குவது. கதிரவன் நகர நகர அதனையும் நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும். நாள் முழுவதும் அப்பணியைச் சலிப்பின்றிச் செய்தவர் சிறுவர் பர்னார்டு. விண்பொருளைப் பிறழாமல் பின்தொடரும் பயிற்சி அவருக்கு இங்ஙனம் இளமையிலேயே வாய்த்தது.

பின்னர் அவர் கலிபோர்னியாவிலுள்ள இலிக்கு வானாய்வு நிலையத்தில் பணியேற்றார். அங்கு 36 அங்குல விட்டமுடைய பெரிய தொலைநோக்கி இருந்தது. ஆயினும் அவர் பால்வீதியைப் படம் பிடிக்க எடுத்துக்கொண்டது ஆறங்குல வில்லை ஒன்றே. அது மனிதரின் உருவப்படம் எடுப்பதற்கென்று செய்யப்பட்டுப் பழம்பொருளாக விலைக்கு வந்தது. 1889-ஆம் ஆண்டு முதல் அவ்வில்லையைக் கொண்டு, பல மணி நேரம் கருவியின் அருகிலேயே நின்று, வழிகாட்டும் விண்மீன் ஒன்றினின்று கண்ணை அகற்றாமல் படங்கள் எடுத்தார். பால்வீதியின் ஒளிமுகில்களும், அவற்றினூடே ஓடும் கரிய வாய்க்கால்களும் அப்படங்களில் தெளிவாகப் பதிந்தன. ஓரியனைச் சூழ்ந்த வளையத்தை 1889-இல் வில்லியம் பிக்கரிங் என்பவர் முதலில் படம் பிடித்தார். 1894-இல் பர்னார்டும் அதனைப் படம் பிடித்து விளக்கினார். அதனால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது.

பால்வீதியில் காணும் கரிய இடங்கள் விண்மீன்கள் இல்லாத வெற்றிடங்களே என்று அக்காலத்தார் பலர் கருதினர். பர்னார்டும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினார். 1913-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் ஓரிரவு, அவர் தென்திசைப் பால்வீதியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். சிறுசிறு மழைமுகில்கள் தனுசு இராசியின் ஒளிப்பரப்பிற்கு முன்னே மிதந்து வந்தன. அவை ஒவ்வொன்றும் ஒரு கரிய துளைபோலவே தோன்றின. தம் தகடுகளில் கண்ட கரிய இடங்களுள் பல, இவ்வாறே ஒளியை மறைத்து நிற்கும் முகில்களாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1919-இல், அத்தகைய 182 கரிய இடங்களின் அட்டவணையை வெளியிட்டார். அவர் 1923-இல் மறைந்தார். அவருடைய பால்வீதிப் படத்தொகுதி 1927-இல் வெளிவந்தது. அதன் 700 படிகளுக்கும் வேண்டிய 35,700 ஒளிப்படங்களையும் அவர் தாமே ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

வில்லைகளால் எடுக்கும் படத்தில் வண்ணப் பிறழ்ச்சி முதலிய குறைகள் உண்டு. ஆடிகளால் எடுக்கும் படத்தில் நடுவிலுள்ள விண்மீன்கள் கூர்மையாகவும், ஓரத்திலுள்ளவை வால்முளைத்தவை போலவும் தோன்றும். இக்குறையை நீக்கியவர் பெர்னார்டு சிமித்து. அவர் இன்று எசுத்தோனியாவைச் சேர்ந்த சிறு தீவொன்றில் 1879-இல் பிறந்தவர். சிறுவராக இருந்தபோது வெடிமருந்தைக் கொண்டு சோதனை செய்கையில் வலக்கையை இழந்தார். எஞ்சிய ஒரு கையாலேயே கண்ணாடிகளைத் தேய்த்து மெருகிட்டு, தேர்ந்த வல்லுநர் ஆனார். உருண்டை வடிவான ஆடியின் முன்னே, நுட்பமாக வளைத்துத் தேய்த்த மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை வைத்தால், அகன்ற வான்பரப்பு முழுவதும் கூர்மையாகப் பதியும் என்பதை 1930-இல் ஆம்பர்க்கு நகரில் செய்துகாட்டினார். பின்னர் உலகின் பல நாடுகளிலும் சிமித்துத் தொலைநோக்கிகள் எழுந்தன. பலோமர் மலையிலுள்ள 48 அங்குலக் கருவி, 1949-இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் வடவானம் முழுவதையும் தென்வானின் ஒரு பகுதியையும் படம் பிடித்து முடித்தது.

தமிழகத்திற்கும் இத்துறைக்கும் தொடர்பு உண்டு. சென்னையில் 1927-இல் பிறந்தவர் வைணு பாப்பு. அவர் ஆர்வர்டில் பயின்றபோது, 1949-இல், தாம் எடுத்த வான்தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அவர் பெயரும் அவருடன் ஆய்ந்த போக், நியூகர்க்கு ஆகியோர் பெயர்களும் அவ்வால்மீனுக்கு இடப்பெற்றன. 1960-இல் அவர் கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் தலைமையை ஏற்றார். அந்நிலையம் பெரும்பாலும் கதிரவனை ஆராய்வது. இரவு வானை ஆராய்வதற்குத் தெளிந்த, இருண்ட இடம் ஒன்று வேண்டுமெனத் தேடி, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு அங்கு ஆய்வு தொடங்கிற்று. பின்னாளில் அங்கு அமைந்த 45 சென்டிமீட்டர் சிமித்துத் தொலைநோக்கியால், 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், இராசமோகன் என்னும் வானநூலார் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். கணித மேதை இராமானுசன் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. காவலூர் நிலையம் இன்று வைணு பாப்புவின் பெயராலேயே வழங்குகின்றது.

ஒளிப்படத் தகடுகளின் காலம் இன்று கடந்துவிட்டது. தகட்டின்மேல் நூறு ஒளித்துகள்கள் விழுந்தால், பதிவாகியவை ஒன்றிரண்டே. 1969-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட சிலிக்கான் ஒளியுணரியோ அவற்றுள் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்ளும்.  அவ்வொளியுணரி சிறு காமிராக்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆதலால், ஒருகாலத்தில் மலைமேல் வாழும் வானநூலார்க்கு மட்டும் வாய்த்த காட்சி, இன்று காரைக்கால்மேட்டு மணலில் முக்காலியை ஊன்றி நிற்கும் மாணவர்க்கும் எட்டுவதாயிற்று.

அங்ஙனம் படம் பிடிக்க முனைவோர் முதலில் வெல்லவேண்டுவது நிலவுலகின் சுழற்சியை. வானம் ஒரு மணிக்குப் பதினைந்து பாகை நகர்வதாகத் தோன்றுகின்றது. இரண்டே மணித்துளிகளில் விண்மீன் முழுமதியின் அகல அளவு நகர்ந்துவிடும். காமிராவை அசையாது வைத்தால் விண்மீன்கள் கோடுகளாகிவிடும். ஆகவே, வானத்தோடு ஒத்துச் சுழலும் தாங்கியின்மேல் காமிராவைப் பொருத்துவர். அத்தாங்கியின் அச்சு விண்ணின் வடமுனையை நோக்குதல் வேண்டும். வடமுனைக்கு அருகே நிற்பது துருவ விண்மீன். காரைக்கால் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ பதினொரு பாகையில் உள்ளது. எனவே அங்குத் துருவ விண்மீனும் அடிவானுக்கு மேலே அவ்வளவே உயர்ந்திருக்கும். கடலோரத்து மூட்டத்தில் அது பல இரவுகளில் மறைந்துவிடுவதும் உண்டு. அப்போது வேறொரு விண்மீனைச் சிறிது நேரம் நோக்கி, அது எப்பக்கம் விலகுகின்றது என்று கண்டு அச்சைத் திருத்துவர்.

அவ்விடத்திற்கே உரிய இடர்கள் பிறவும் உள்ளன. கடற்காற்றின் ஈரம் வில்லையின்மேல் பனியாகப் படியும். அதனைத் தடுக்க வில்லையைச் சுற்றி மெல்லிய வெப்பப்பட்டை கட்டுவர். காற்றோடு வரும் உப்பைப் பணி முடிந்ததும் துடைத்தல் வேண்டும். ஆனால் தென்கோடியில் இருப்பதால் பெறும் நன்மையும் உண்டு. ஐரோப்பிய நாட்டார்க்கு அடிவானுக்குக் கீழே மறைந்துபோகும் கரீனா விண்முகில், பங்குனி, சித்திரை மாதங்களின் இரவில் காரைக்கால் கடற்கரையினர்க்குத் தென்வானில் பத்தொன்பது பாகை உயரத்தில் விளங்கும்.

ஒரே படத்தை மணிக்கணக்கில் எடுப்பது இக்கால வழக்கமன்று. சில மணித்துளிகள் வீதம் பல படங்களை எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். ஒவ்வொரு படத்திலும் முகிலின் ஒளியோடு தாறுமாறான புள்ளிகளும் கலந்திருக்கும். நூறு படங்களைச் சேர்த்தால் முகிலின் ஒளி நூறு மடங்காகும். தாறுமாறான புள்ளிகளோ ஒன்றையொன்று ஓரளவு நீக்கிக்கொண்டு பத்து மடங்கே பெருகும். ஆகவே, முகில் பத்து மடங்கு தெளிவடையும். மேலும், வில்லையை மூடி எடுத்த வெற்றுப் படங்களைக் கழித்துக் கருவியின் வெப்பத்தால் எழும் குறைகளை அகற்றுவர். ஐதரசன் முகில் ஒளிரும் செந்நிறத்தின் அலைநீளம் 656 நானோமீட்டர். இருளில் நம் கண் அந்நிறத்தைச் சிறிதும் நன்கு உணர்வதில்லை. அந்நிறத்தை மட்டும் விடுக்கும் வடிகண்ணாடியைப் பொருத்தினால், வானின் பிற ஒளிகள் தடுக்கப்பட்டு முகில் மட்டும் தனித்துத் தெரியும். உலகின் மிகப் பெரிய கருவிகளும் இவ்வழியையே மேற்கொள்கின்றன. சிலி நாட்டிலுள்ள வெரா உரூபின் வானாய்வு நிலையம் 2025-ஆம் ஆண்டு சூன் மாதம் தன் முதற் படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, தனுசு இராசியிலுள்ள இரண்டு விண்முகில்களைக் காட்டுவது. ஏழு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதில் எடுத்த 678 படங்களைச் சேர்த்து அது அமைக்கப்பெற்றது.

இத்தனைக் கருவிகள் இருப்பினும், ஒன்று இல்லையேல் இவையனைத்தும் பயனற்றுப்போகும். அஃது இருள். ஊர் விளக்குகளின் ஒளி மேலே சென்று காற்றிலுள்ள ஈரத்திலும் தூசியிலும் சிதறி, வானம் முழுவதையும் வெளிறச் செய்கின்றது. மங்கிய முகிலின் ஒளி அவ்வெளிற்றில் மூழ்கிவிடும். செந்நிற வடிகண்ணாடி ஓரளவு துணைசெய்யும். ஆயினும் பிற விண்மீன் ஒளியால் விளங்கும் முகில்களுக்கும் கரிய முகில்களுக்கும் அதனால் பயனில்லை. காரைக்கால்மேட்டிற்குக் கிழக்கே கடல் இருத்தலின் கீழ்வானம் இருண்டிருக்க இடமுண்டு. நகரம் உள்ள பக்கத்திலோ வெளிற்றை ஆண்டுதோறும் மிகாமல் காப்பது மக்களின் கையில் உள்ளது. இது வானநூலார்க்கு மட்டும் உரிய கவலையன்று. சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. இரவில் வெளிவரும் குஞ்சுகள், கடற்பரப்பின் மெல்லொளியை நோக்கிச் செல்லும் இயல்புடையவை. கரையிலுள்ள விளக்குகள் அவற்றை நிலத்தின் பக்கம் ஈர்த்து அழிவிற்கு உள்ளாக்குகின்றன.

விளக்கின்றி வாழ இயலாது. அங்ஙனம் வாழவும் வேண்டுவதில்லை. விளக்கிற்கு மேலே மூடியிட்டு, ஒளி வேண்டிய தரையின்மேல் மட்டும் விழச்செய்தல் போதும். வேண்டாதபோது அணைத்தல் போதும். இலடாக்கிலுள்ள ஆன்லே என்னும் மலையூர்ப் பகுதி, 2022-இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள மக்கள் தம் விளக்குகளை மறைத்து வைத்து வானின் இருளைக் காத்து வருகின்றனர். அவ்வூரார் செய்வதைக் கடற்கரை ஊரார் செய்தல் இயலாததன்று.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ப் புறப்பட்ட ஒளி, இடைவெளியெல்லாம் கடந்து நம் கரைமட்டும் வந்து சேர்கின்றது. அதன் பயணத்தின் கடைசிக் கணத்தில், தேவையற்ற ஒரு விளக்கு அதனை மறைக்குமாயின் அது பெரிய இழப்பன்றோ? பர்னார்டு போன்றோர் பொறுமையால் ஒளியைச் சேர்த்தனர். அவ்வொளி வந்து விழுவதற்குரிய இருளைக் காத்துத் தருதல் பின்வந்தோர் கடமையாகும்.